ஒரு தீர்ப்பும் சில நற்சான்றிதழ்களும்

போன மாரிகாலத்தில் ஒருநாள், தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், என்னுடன் ஒரே மெஷினில் வேலைசெய்யும் போர்த்துக்கீசர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் ஊரில் விரிவுரையாளராக இருந்தவன் என்பது அங்கு எல்லோருக்கும் தெரியும். ஆகவே வரிப் படிவம், வேலையில்லாக் காப்புறுதிப் படிவம், வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதும் முறைப்பாடு என்று ஏதாவது ஒன்று கிழமைக்கு ஒருதடவை என்னிடம் வரும். இது வேறு விதமானது. அவருடைய பதினேழு வயது மகன் ஹொக்கி விளையாடுபவன். பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவியின் உடலில் கைவைத்தான் என்று விசாரணை நடக்கிறது. அணியிலிருந்தும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதிபருக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். அதில் என்னென்ன வரவேண்டும் என்று தகப்பன் குறித்து வைத்திருந்தார். ஐந்து வயதிலிருந்து விடியற்காலையில் எழும்பிப் பயிற்சிக்குப் போகிறவன். அடுத்த வருடம் புலமைப்பரிசில் கிடைக்கக்கூடியவன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு இரண்டு கடிதங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்று, 2016 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தகப்பன் கலிபோர்னிய நீதிபதி ஒருவருக்கு எழுதியது. அதை உலகமே வாசித்தது. மற்றது நான் எழுதியது. அதை ஐந்து பேருக்கு மேல் வாசித்திருக்க மாட்டார்கள். இக்கட்டுரை முதலாவது கடிதத்தையும் அதைச் சூழ்ந்த வழக்கையும் பற்றியது. இரண்டாவதை ஒளித்து வைத்துக்கொண்டு முதலாவதைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது என்பதால் அதுவும் இடையில் வரும்.

1. வழக்கு

2015 ஜனவரி 18, அதிகாலை. கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வளாகம். மாணவர் விடுதி ஒன்றில் நடந்த களியாட்டத்துக்கு வெளியே, பெரிய குப்பைத் தொட்டி ஒன்றின் பின்னால், நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணின் மீது ஓர் ஆண் இருப்பதை, சைக்கிளில் வந்த இரண்டு சுவீடன் நாட்டு மாணவர்கள் கண்டார்கள். பெண்ணிடம் எந்த அசைவும் இல்லை என்பதைக் கவனித்து நிறுத்திக் கேட்டார்கள். அவன் ஓடினான். துரத்திப் பிடித்துப் பொலிஸ் வரும்வரை வைத்திருந்தார்கள். பிடிபட்டவர் புறொக் ரேர்னர். வயது 19. நீச்சலுக்காகப் பல்கலைக்கழகம் தெரிந்தெடுத்த முதலாம் வருட மாணவர்.

2016 மார்ச்சில் யூரிமார் மூன்று குற்றங்களில் அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள். வல்லுறவு நோக்கத்துடன் தாக்கியது ஒன்று. மதுபோதையில் இருந்தவர் மீது பாலியல் வன்முறை மற்றொன்று. நினைவற்றிருந்தவர் மீது பாலியல் வன்முறை மூன்றாவது. அக்காலக் கலிபோர்னியச் சட்டத்தில் 'வல்லுறவு' என்ற சொல் உடலுறவுக்கு மட்டுமே பொருந்தியது. ஆகவே ஆரம்பத்தில் சுமத்தப்பட்ட இரண்டு வல்லுறவுக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டிருந்தன. இதை இங்கு சொல்வதற்குக் காரணம், சட்டத்தின் சொற்கள் ஒரு பெண்ணுக்கு நடந்ததை எவ்வளவு தூரம் சுருக்கிவிடுகின்றன என்பதும் இந்த விவாதத்தின் ஒரு பகுதியாக இருந்ததுதான்.

மூன்று குற்றங்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 14 ஆண்டுகள் சிறை விதிக்கலாம். அரச தரப்பு வழக்கறிஞர் ஆறு ஆண்டுகள் கேட்டார். 2016 ஜூன் 2 ஆம் திகதி நீதிபதி ஆரன் பேர்ஸ்கி வழங்கியது மாவட்டச் சிறையில் ஆறு மாதமும் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும். பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் பெயர் ஆயுள் முழுக்க இருக்கும். மாவட்டச் சிறையின் வழமையான கழிவுகளின்படி அந்த ஆறு மாதம் மூன்றாகியது. செப்டெம்பர் 2 ஆம் திகதி அவர் வெளியே வந்தார்.

தீர்ப்புக்கு மறுநாள், பாதிக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் வாசித்த நீண்ட வாக்குமூலம் பகிரங்கமாக வெளியாகியது. நான்கு நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதை வாசித்தார்கள். அப்போது அவருக்கு வழக்கேட்டின் புனைபெயர் மட்டுமே இருந்தது. 2019 இல்தான் ஷனெல் மில்லர் என்ற தன் பெயரோடு ஒரு நினைவுநூலை வெளியிட்டார். அந்த வாக்குமூலத்தில் ஒரு சிறிய விபரம் உண்டு. தனக்கு அன்றிரவு என்ன நடந்தது என்பதை அவர் முழுமையாக அறிந்தது வேலைத்தலத்தில், ஒரு செய்தியை வாசித்தபோதுதான். தான் கண்டெடுக்கப்பட்ட நிலை அதில் எழுதப்பட்டிருந்தது. அதே செய்தியின் முடிவில், குற்றம் சாட்டப்பட்டவர் நீச்சலில் எந்தத் தூரத்தை எத்தனை நிமிடம் எத்தனை செக்கனில் கடந்திருக்கிறார் என்பதும் கொடுக்கப்பட்டிருந்தது.

புகைப்படத்தின் கதையும் அத்தகையதே. கைதாகி ஒரு வருடத்துக்கு மேலாகப் பத்திரிகைகளில் வந்தது, கழுத்துப்பட்டியுடன் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம். பொலிஸ் எடுத்த படம் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது தண்டனை வழங்கப்பட்ட பின்னர்தான்.

2. தகப்பனின் கடிதம்

தண்டனை விதிக்கப்படுமுன் குற்றவாளிக்குச் சார்பாக முப்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் நீதிபதியிடம் போயிருந்தன. உறவினர், நண்பர், ஆசிரியர், பயிற்றுநர் என்று பலர் எழுதியிருந்தார்கள். அவற்றில் ஒன்றுதான் தகப்பனுடையது.

மகனின் முகத்தில் இருந்த பழைய சிரிப்புப் போய்விட்டது, இறைச்சி வாட்டுவதில் அவனுக்கு இருந்த ஆசை போய்விட்டது, முன்பெல்லாம் அவனுக்குப் பிடித்த தின்பண்டங்களை ஒளித்து வைக்கவேண்டியிருந்தது, இப்போது உயிர்வாழ்வதற்காக மட்டும் சாப்பிடுகிறான் என்று தகப்பன் எழுதினார். இருபது வருட வாழ்க்கையில் இருபது நிமிடச் செயலுக்கு இது பெரிய விலை என்றார். 'செயல்' என்று அவர் பாவித்த ஆங்கிலச் சொல்லுக்குக் கொச்சையான இன்னொரு பொருளும் உண்டு. அது பெரும் கோபத்தைக் கிளப்பியது. தான் அந்தப் பொருளில் எழுதவில்லை என்று அவர் பின்னர் விளக்கினார். அதை நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்ட பிறகும் கடிதத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தத் தகப்பனை ஓர் அரக்கனாகக் காட்டுவது சுலபம். அப்படிக் காட்டுவதால் நாம் எதையும் விளங்கிக்கொள்ளப் போவதில்லை. தன் பிள்ளை சிறைக்குப் போகக்கூடாது என்று மன்றாடாத தகப்பன் அபூர்வம். விளையாட்டுப் பெற்றோரின் கண்டிப்போ ஆசையோ மகனைக் குற்றவாளியாக்கியது என்று சொல்லவும் என்னிடம் ஆதாரமில்லை. அந்த வீட்டுக்குள் நடந்தவை எனக்குத் தெரியா. நான் பேசுவது கடிதத்தின் கணக்கைப் பற்றி மட்டுமே.

விளையாட்டை வாழ்க்கைத் திட்டமாக எடுத்துக்கொண்ட குடும்பங்களில் பிள்ளையின் எதிர்காலம் ஒருவகைச் சொத்தாக மாறிவிடுகிறது. காலை நாலரை மணிக்கு எழுப்பியது, பெற்றோல் செலவு, விடுமுறை இல்லாத விடுமுறைகள் எல்லாம் அதில் போட்ட முதல். நிறுத்தற்கடிகாரம் அந்த முதலின் வளர்ச்சியைச் செக்கனில் காட்டுகிறது. மற்றப் பிள்ளைகளின் எதிர்காலம் புகைமாதிரி, ஒருவர் கையிலும் பிடிபடாது. இந்தப் பிள்ளையின் எதிர்காலத்தையோ அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே அது போகும்போது எவ்வளவு போகிறது என்று துல்லியமாகச் சொல்லமுடிகிறது. புலமைப்பரிசில் போனது, பல்கலைக்கழகம் போனது, ஒலிம்பிக் கனவு போனது. ஒவ்வொன்றும் ஏற்கெனவே அனுபவித்துவிட்ட தண்டனையாகப் பதியப்படுகிறது.

எதிர்ப்பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் எதிர்காலம் இருந்தது. அவர் 22 வயதுப் பட்டதாரி, வேலை செய்துகொண்டிருந்தவர். அவருடைய எதிர்காலத்தை ஒருவரும் கடிகாரம் வைத்து அளந்திருக்கவில்லை. தான் எதை இழந்தேன் என்பதை நீதிமன்றத்துக்கு அவரே பக்கம் பக்கமாக எழுதிக் காட்டவேண்டி இருந்தது.

3. என் கடிதம்

1990களின் பிற்பகுதி. நான் அப்போது இளம் விரிவுரையாளன். எங்கள் கல்வி நிறுவனத்தின் கிரிக்கெட் அணியில் ஒரு மாணவன். நல்ல துடுப்பாட்டக்காரன், என் வகுப்பில் கெட்டிக்காரனும்கூட. முதலாம் வருட மாணவி ஒருத்தி அவன்மீது முறைப்பாடு கொடுத்தாள். ஒழுக்காற்றுக் குழு கூடவிருந்தது.

ஒரு பின்னேரம் அவனுடைய தகப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் என் வீட்டுக்கு வந்தார். வளவுக்குள் மண் அடித்து இறுக்கி மகனுக்கு ஆடுகளம் செய்து கொடுத்தவர் அவர். ஒரு மட்சும் விடாமல் எல்லைக்கோட்டில் குந்தியிருப்பார். கையில் ஒரு கொப்பி கொண்டுவந்திருந்தார். பதினொரு வயதிலிருந்து மகன் எடுத்த ஓட்டங்கள், திகதி, மைதானம், ஆட்டமிழந்த விதம் எல்லாம் ஒழுங்காக அதில் இருந்தன. முறைப்பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அடுத்த நாள் ஒரு மூத்த ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். 'தம்பி, இருக்கிற பெடியளே கொஞ்சம். சண்டை ஒருபக்கம் பிள்ளையளைக் கொண்டு போகுது. நாங்களும் ஒருத்தன்ர எதிர்காலத்தைப் பழுதாக்கவேணுமே? ஒரு கையெழுத்துத்தானே.'

நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அல்ல, முக்கால் பக்கம். பெரியோரை மதிப்பவர், தலைமைப் பண்பு மிக்கவர், இவரது நடத்தை நன்று. அந்த மாணவியின் முறைப்பாட்டை நான் வாசித்திருக்கவில்லை. வாசிக்கக் கேட்கவும் இல்லை. அவனுக்கு இரண்டு கிழமை வகுப்புத்தடை கிடைத்தது. அதுவும் சுற்றுப்போட்டி முடிந்த பிறகு. அந்தப் பிள்ளை அடுத்த தவணைக்கு வரவில்லை. 'எதிர்காலம்' என்ற சொல்லை அந்த இரண்டு கிழமைக்குள் நாங்கள் எத்தனை தடவை உச்சரித்திருப்போம். ஒருதடவையேனும் அது அவளைக் குறித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

யுத்தத்தைக் காரணமாகச் சொல்லலாம். அது பொய்யான காரணமும் அல்ல. ஆனால் யுத்தமே இல்லாத, நீச்சல் தடாகங்கள் நிறைந்த ஒரு நாட்டில் அதே கடிதம் அதே சொற்களில் எழுதப்பட்டதை 2016 இல் வாசித்தபோது அந்தக் காரணம் என்னைக் கைவிட்டுவிட்டது.

4. சட்டத்தில் இருந்த கதவு

கலிபோர்னியாவில் ரேர்னரின் குற்றத்துக்குப் பொதுவாக ஆகக்குறைந்தது இரண்டு வருட மாநிலச் சிறை. ஆனால் வழக்கு 'வழமைக்கு மாறானது' என்று நீதிபதி கருதினால் அதைத் தவிர்த்து நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம் என்று சட்டம் இடம் வைத்திருந்தது. இந்த இடம் அவசியமானது. எந்த இரண்டு வழக்கும் ஒன்றல்ல. கேள்வி, அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே.

பேர்ஸ்கி சொன்ன காரணங்கள் வழக்கேட்டில் உள்ளன. இளவயது, முன்குற்றம் இல்லை, மதுபோதை, கிடைத்த கடிதங்கள், ஊடகங்களின் கவனத்தால் ஏற்கெனவே ஏற்பட்ட பாதிப்பு. சிறை இவர்மேல் கடுமையான தாக்கத்தை ஏற்படுத்தும், இவர் மற்றவர்களுக்கு ஆபத்தானவராக இருக்கமாட்டார் என்றும் சொன்னார். சிறை யார்மேல்தான் கடுமையான தாக்கத்தை ஏற்படுத்தாது என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வாக்கியத்தின் உள்ளே இருந்த கணக்கு முன்னர் சொன்ன கணக்குத்தான். உயரத்தில் நிற்பவன் விழுந்தால் அதிக தூரம் விழுகிறான், ஆகவே அவனுக்குக் கொஞ்சம் போதும். நிலத்தில் நிற்பவனுக்கு விழ இடமில்லை. அவனிடம் பறிப்பதற்குப் புலமைப்பரிசிலும் இல்லை, பதக்கமும் இல்லை. எனவே அவன் வருடங்களாகவே செலுத்தவேண்டும். சலுகை என்று நாம் சொல்வது இவ்விடத்தில் லஞ்சமாகவோ தொலைபேசி அழைப்பாகவோ வரவில்லை. இரக்கத்தின் உருவில் வந்தது.

நீதிபதிக்கு நியாயம் செய்யவேண்டும். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையே மாநிலச் சிறையைச் சிபாரிசு செய்யவில்லை. அவர் அதை ஒட்டியே தீர்த்தார். அவரும் ஸ்ரான்போர்ட்டில் படித்தவர், மாணவப் பருவத்தில் அங்கு விளையாட்டு அணித் தலைவர் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் மாநிலத்தின் நீதிபதிகள் ஒழுக்க ஆணைக்குழு 2016 டிசெம்பரில், பக்கச்சார்புக்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று முடிவுசெய்தது. அந்த முடிவை நான் நம்புகிறேன். அதுதான் எனக்கு அதிக கவலை தருகிறது. கெட்ட எண்ணம் இல்லாமலே, விதிகளுக்கு உட்பட்டே, இப்படி ஒரு தீர்ப்பு வரமுடியும். தன்னைப்போல் ஒருவனைக் கண்டால் மனிதனுக்கு அவனுடைய முழு வாழ்க்கையும் தெரிகிறது. தன்னைப்போல் இல்லாதவனைக் கண்டால் குற்றப்பத்திரிகை மட்டும் தெரிகிறது.

கடிதங்கள் சொன்னது உண்மைதானா என்பதும் ஒரு கேள்வி. சிறிய ஊரிலிருந்து வந்தவன், குடியும் களியாட்டமும் தனக்குப் புதியவை என்று ரேர்னர் நீதிமன்றத்துக்கு எழுதியிருந்தார். பள்ளிக்கூடக் காலத்திலேயே குடியும் போதைப்பொருளும் பழக்கத்தில் இருந்ததைக் காட்டும் செய்திகள் அவருடைய தொலைபேசியில் இருந்ததாக அரச தரப்பு தன் ஆவணங்களில் சுட்டிக்காட்டியது. எழுதத் தெரிந்தவர்கள் சூழ இருப்பவனுக்கு, உண்மையிலும் பார்க்க நன்றாக எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடுகிறது.

5. பொதுவானதும் பொதுவல்லாததும்

விளையாட்டு வீரர்கள் எல்லோரும் எப்போதும் தப்பிவிடுகிறார்கள் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஒஹாயோவின் ஸ்ரூபன்வில் என்ற சிறு நகரில் 2012 ஓகஸ்டில் நினைவிழந்த ஒரு பதினாறு வயதுச் சிறுமிமீது நடந்த வன்முறைக்காக, பள்ளிக் கால்பந்தாட்ட வீரர் இருவர் 2013 மார்ச்சில் சிறுவர் நீதிமன்றத்தால் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஒருவருக்கு ஆகக்குறைந்தது ஒரு வருடம், மற்றவருக்கு இரண்டு. அன்று ஒரு பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சி, ஒளிமயமான எதிர்காலம் கொண்ட இரு இளைஞர்களின் வாழ்க்கை கண்முன்னே சிதறியதென்று துக்கக் குரலில் செய்தி சொன்னது. அதற்காகக் கடும் கண்டனத்தையும் பெற்றது. எதிர்காலம் என்ற சொல் இங்கும் பையன்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

மறுபக்கம் ரெனெசி மாநிலத்தின் வன்டர்பில்ற் பல்கலைக்கழகம். 2013 ஜூனில் நினைவற்ற ஒரு மாணவிமீது நடந்த கூட்டு வன்முறைக்காக அதன் கால்பந்தாட்ட வீரர் மூவர் 15 முதல் 17 வருடங்கள் வரை தண்டிக்கப்பட்டார்கள். ரேர்னரின் தீர்ப்புக்குச் சில கிழமைகள் கழித்து அவர்களில் ஒரு கறுப்பின இளைஞருக்கு 15 வருடம் கிடைத்தபோது, வெள்ளையனுக்கு ஆறு மாதம் கறுப்பனுக்குப் பதினைந்து வருடம் என்ற ஒப்பீடு எங்கும் பேசப்பட்டது. அதே வருடம் நவம்பரில், அதே வழக்கின் வெள்ளை இளைஞருக்கு 17 வருடம் விதிக்கப்பட்டது. ரெனெசியில் அந்தக் குற்றத்துக்கு ஆகக்குறைந்த தண்டனையே 15 வருடம். நீதிபதிக்கு அங்கு கதவு இருக்கவில்லை. நிறவெறி இல்லை என்பதல்ல இதன் பொருள். ஒப்பிடும்போது சட்டங்களையும் சேர்த்து ஒப்பிடவேண்டும் என்பதே.

6. கோபத்தின் விளைவு

கதவை மூடுவதுதான் மருந்து என்று கலிபோர்னியா முடிவுசெய்தது. 2016 செப்டெம்பர் 30 இல் ஆளுநர் ஜெரி பிறவுண் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, நினைவற்றவர்மீதோ போதையில் இருப்பவர்மீதோ செய்யப்படும் இத்தகைய வன்முறைக்குச் சிறையைக் கட்டாயமாக்கியது. மற்றது, சம்மதமற்ற எல்லாப் பாலியல் தாக்குதலும் வல்லுறவாகவே கருதப்படவேண்டும் என்றது. இரண்டாவதை நான் எந்தத் தயக்கமுமின்றி வரவேற்கிறேன். நடந்ததை அதன் பெயரால் அழைப்பது நீதியின் முதற்படி.

அடுத்தது நீதிபதி. ஸ்ரான்போர்ட் சட்டப் பேராசிரியை மிஷேல் டவுபர் தலைமையில் அவரைத் திருப்பியழைக்கும் இயக்கம் நடந்தது. 2018 ஜூன் 5 ஆம் திகதி, அறுபது வீதத்துக்கும் கூடிய வாக்குகளால் பேர்ஸ்கி பதவியிழந்தார். 1932 க்குப் பிறகு கலிபோர்னியாவில் வாக்காளரால் அகற்றப்பட்ட முதல் நீதிபதி அவர். அதே ஆண்டு ஓகஸ்டில் ரேர்னரின் மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. 2019 இல் பேர்ஸ்கி ஒரு பாடசாலையில் பெண்பிள்ளைகளின் ரெனிஸ் பயிற்றுநராக வேலைக்கு அமர்ந்தபோது, எதிர்ப்புக் கிளம்பி அந்த வேலையும் போயிற்று.

இந்த இயக்கத்தை எதிர்த்தவர்கள் ஆணாதிக்கவாதிகள் மட்டுமல்ல. ஏழைகளுக்காக வழக்காடும் அரச வழக்கறிஞர்கள் பலரும் எதிர்த்தார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது. இரக்கம் காட்டியதற்காக ஒரு நீதிபதி வேலையிழந்தால் மற்ற நீதிபதிகள் இரக்கத்தைக் குறைப்பார்கள். அப்போது நீதிமன்றத்தில் நிற்கப்போவது நீச்சல் வீரர்கள் அல்ல, கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழைகள். பின்னர் ஆறு மாவட்டங்களின் தீர்ப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, திருப்பியழைக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்டவுடனேயே தண்டனைகளின் கடுமை திடீரென உயர்ந்ததைக் கண்டது. ஏற்கெனவே இருந்த இன ஏற்றத்தாழ்வை அது மேலும் அதிகரிக்கவில்லை என்றும் கண்டது.

எமது வாசகர்களில் பலர் சிறைகளை உள்ளிருந்து பார்த்தவர்கள். கட்டாயத் தண்டனை என்றால் என்ன, அது யாரைத் தேடி வரும் என்பதை அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அதேநேரம் 'இரக்கம்' என்ற பெயரில் பெண்கள் எத்தனை தலைமுறையாக ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் எமது பெண்ணிலைவாதத் தோழிகள் இதழுக்கு இதழ் எழுதி வருகிறார்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்து மற்றதை மறப்பது எனக்கு முடியாமலிருக்கிறது. என் நிலைப்பாடு இதுதான். பிழை இரக்கத்தில் இல்லை, அதன் பங்கீட்டில் இருக்கிறது. நீதிபதியின் கதவு இருக்கட்டும். ஆனால் அதைத் திறக்கும்போது அவர் ஏன் திறக்கிறார் என்று எழுதவேண்டும். அவர் எழுதும் காரணத்தில் பதக்கம், புலமைப்பரிசில், பெரிய மனிதரின் கடிதம் ஆகியன காரணமாக நிற்கக்கூடாது. சாதாரண வேலைசெய்யும் ஓர் இளைஞனுக்கும் அதே காரணத்தால் கதவு திறக்குமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டும். இல்லை என்றால் அது இரக்கம் அல்ல.

7. இங்கே

நான் வாழும் கனடாவில் இந்தக் கேள்விக்கு ஹொக்கியின் உருவம் உண்டு. 2022 இல் ஹொக்கி கனடா அமைப்பு, தன்மீது தொடரப்பட்ட பாலியல் வன்முறை வழக்கு ஒன்றைப் பணம் கொடுத்துத் தீர்த்ததாகச் செய்தி வெளிவந்தது. அந்தச் சம்பவம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து வீரர்களையும் 2025 ஜூலையில் ஒன்ராறியோ நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நான் பேசுவது 2022 இன் நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளிவந்த நிதியைப் பற்றி. 1989 இலிருந்து ஒன்பது பாலியல் வன்முறை இணக்கங்களுக்காக அந்த அமைப்பு 76 இலட்சம் டொலர் கொடுத்திருந்தது. பணம் வந்த நிதியத்தில் பிள்ளைகளின் பதிவுக் கட்டணத்திலிருந்து எடுத்த பங்கும் இருந்தது. என்னுடன் வேலைசெய்யும் போர்த்துக்கீசரைப் போன்றவர்கள் ஓவர்ரைம் செய்து கட்டிய காசு. எதற்குக் கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த வருடம் ஒக்ரோபரில் அமைப்பின் தலைமையும் நிர்வாகக் குழுவும் விலகின.

எமது பெற்றோரும் இப்போது பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பிக் காரில் ஏற்றுகிறார்கள். நீச்சல், கிரிக்கெட், ஹொக்கி. நல்ல விடயம். பிள்ளை நேரத்தைக் குறைக்கவும் ஓட்டத்தைக் கூட்டவும் கற்கிறது. எதிரில் நிற்பவரும் ஒரு பிள்ளை என்பதை அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? பயிற்றுநர் சொல்வாரென்று பெற்றோரும், பெற்றோர் சொல்வார்களென்று பயிற்றுநரும் இருந்துவிடுகிறார்கள்.

அந்தத் தாளுக்கு வருகிறேன். எழுதித் தருகிறேன் என்றுதான் போர்த்துக்கீசரிடம் சொன்னேன். ஆனால் முதற் பந்தி அந்த மாணவியைப் பற்றி இருக்கவேண்டும் என்றேன். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார். உங்கள் மகனிடம் கேட்டு வாருங்கள், அதிலிருந்து தொடங்குவோம் என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அதன்பிறகு அவர் என்னிடம் எந்தக் கடிதத்துக்கும் வரவில்லை. மெஷினைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம். வேறு யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

நான் செய்தது சரியா, அல்லது எனக்கே உரிய ஒரு பழைய கடனை அவர் கணக்கில் தீர்க்கப் பார்த்தேனா என்று இன்னும் யோசிக்கிறேன். 1990களில் நான் வாசிக்காமல் விட்ட முறைப்பாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை. அவளுடைய வகுப்பில் படித்தவர்களும், அந்த ஒழுக்காற்றுக் குழுவில் இருந்தவர்களும், இந்த இதழை வாசிப்பவர்களில் இருக்கக்கூடும். அவர்கள் இதற்கு எதிர்வினை எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கண்டித்து எழுதினாலும் சரி.